எல்லாக் காட்சியிலும் உக்கிரபாண்டி

சிக்கல்,
5-12-2006

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் நலம். நீ கார்த்திகைக்கு வராததை நான் மறக்கவில்லை. அதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் அவசரமான விஷயம்.

காலாண்டு விடுமுறையில் நான் எழுதிய நாடகத்தை ஆண்டு விழாவில் போடப்போவது உனக்குத் தெரியும். கண்மாய் மடையை அடைத்துவிட்டுத் தன் வயலுக்கு மட்டும் தண்ணீர் பாய்ச்சுகிறவனின் கதை. கேட்டாலே நடுங்குகிற பெயராக இருக்கட்டும் என்று அவனுக்கு உக்கிரபாண்டி என்று பெயர் வைத்தேன். அது செப்டம்பர் மாதம். அக்டோபரில் ஊராட்சித் தேர்தல் வந்தது. நம் மில்லுக்காரர் நின்று ஜெயித்தார். சுவரில் எழுதியதைப் பார்த்த பிறகுதான் ஊருக்கே தெரிந்தது, மில்லுக்காரரின் பெயர் உக்கிரபாண்டி.

நீயே சொல், உனக்குத் தெரியுமா? மிளகாய் அரைக்கப் போகும்போதெல்லாம் மில்லுக்காரர் என்றுதானே கூப்பிட்டோம். வில்லனாக நடிக்கும் சோலையம்மாள் அவருடைய தம்பி மகள். அவளுக்கே தெரியாதாம். "நான் பெரியப்பான்னு கூப்பிடுறேன், பேரைக் கேட்டு என்ன செய்யப்போறேன்?" என்கிறாள்.

அவர்தான் ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர். பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டார். "ஒரு இடத்துல அந்தப் பேரு இருந்தாலும் நாடகம் கிடையாது. பேசாம டான்ஸ் போட்டுக்குவோம்" என்றார். "டீச்சர், பெரியப்பாகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுப் பாப்பமா?" என்றாள் சோலையம்மாள். "நீ வாயை மூடு" என்று சொல்லிவிட்டார்.

காட்சிக்கு ஒருத்தியாக எங்கள் வகுப்புப் பெண்கள் பதினொரு காட்சிகளையும் கம்ப்யூட்டர் அறையில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். எல்லாம் நீ செய்து கொடுத்த ‘எழுதி’ மென்பொருளில்தான். ஆனால் உன் எழுதி திறந்திருக்கும் ஒரு பைலுக்குள் மட்டும்தான் தேடுகிறது. ஒன்றைத் திறந்து, தேடி, மாற்றி, மூடி, அடுத்ததைத் திறப்பதற்குள் எதை முடித்தேன் என்று மறந்துபோகிறது. மூன்றாம் காட்சியை இரண்டு தடவை பார்த்தேன். ஏழாம் காட்சியைப் பார்க்கவே இல்லை.

எல்லா பைலிலும் ஒரே தடவையில் தேடுகிற மாதிரி செய்து கொடு. கூடவே ஒரு பொத்தான், அதை அழுத்தினால் எல்லா உக்கிரபாண்டியும் வேறு பெயராக மாறிவிட வேண்டும். உனக்கு இது பெரிய வேலையா?

இதைப் போனில் சொல்லியிருப்பேன். நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் அம்மா வாங்கி, "சாப்புட்டியா, என்ன கொழம்பு?" என்று கேட்டு வைத்துவிடுகிறாள்.

இப்போது கார்த்திகை. நீ வருவாய் என்று உன் பங்குப் பொரி உருண்டையை எடுத்து வைத்திருந்தேன். வராததால் நானே தின்றேன். கோபத்தோடு தின்றேன்.

உன் தங்கை,
பூமயில்

*

திருச்சி,
12-12-2006

பூமயிலுக்கு,

கோபத்தோடு தின்றால் பொரி உருண்டை இனிக்காதா? இனித்திருக்கும். உன்னை எனக்குத் தெரியாதா.

கடிதத்தை ஹாஸ்டலில் சத்தமாக வாசித்தேன். மில்லுக்காரர் வந்த இடத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பக்கத்து அறைப் பெண்ணுக்கும் அவள் ஊர் டீக்கடைக்காரரின் பெயர் தெரியாதாம்.

பிளாப்பியை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்பியிருக்கிறேன். போல்டரைக் காட்டி, தேட வேண்டிய வார்த்தையைத் தட்டினால், எந்தெந்த பைலில், எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று கீழே வரிசையாக வரும். ஒரு வரியைத் தொட்டால் அந்த இடத்துக்கே கூட்டிப்போகும். அவ்வளவுதான் செய்யும்.

எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றும் பொத்தான் கிடையாது. சோம்பல் என்று நீ எழுதுவாய், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கண்ணால் பார்க்காத பைலுக்குள் கை வைக்கிற பொத்தானை நான் செய்ய மாட்டேன். தேடிக் கொடுப்பது என் வேலை. மாற்றுவது உன் வேலை.

இது எனக்கும் விளையாட்டு இல்லை. கடைசிப் பருவத்துக்கு எழுதியைத்தான் ப்ராஜெக்டாகக் கொடுத்திருக்கிறேன். எங்கள் சார் பார்த்துவிட்டு, "தேடுறதுல இவ்வளவுதானா? இன்னும் பத்துப் பதினஞ்சு வசதி போடும்மா, அப்பத்தான் பாக்கிறவங்களுக்கு வேலை செஞ்ச மாதிரி தெரியும்" என்கிறார். எனக்கு எது தேவை, எது தேவையில்லை என்று தெரியவில்லை. இந்த அறையில் எல்லோரும் கம்ப்யூட்டர் படித்தவர்கள். எதைக் கொடுத்தாலும் சமாளித்துக்கொள்கிறார்கள். நீதான் சமாளிக்கத் தெரியாதவள். அதனால் உன்னிடம் கேட்கிறேன்.

என்ன செய்தாய், என்ன நடக்கும் என்று நினைத்தாய், என்ன நடந்தது, மூன்றையும் எழுது. ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவேன்.

அம்மாவிடம் சொல், இன்று கத்தரிக்காய்க் குழம்பு.

சண்முகவள்ளி

*

சிக்கல்,
20-12-2006

அன்புள்ள, சமாளிக்கத் தெரிந்த அக்காவுக்கு,

நன்றாக இல்லை. நீ கிழிக்க வேண்டியதில்லை.

அரையாண்டுத் தேர்வு முடிந்த அன்றே ராமலெட்சுமி டீச்சரிடம் சாவி வாங்கிக் கம்ப்யூட்டர் அறையைத் திறந்தேன். தேடினேன். எந்தக் காட்சி என்று பார்த்தவுடன் தெரியும் என்று நினைத்தேன். கீழே வரிசையாக வந்தது இதுதான்: நாடகம், வரி ஆறு. நாடகம், வரி ஒன்பது. நாடகம், வரி இரண்டு. நாடகம், நாடகம், நாடகம். ஒவ்வொருத்தியும் தன் பெயரில் ஒரு போல்டர் போட்டு, உள்ளே பைலுக்கு ‘நாடகம்’ என்று பெயர் வைத்திருக்கிறாள். நீ பைல் பெயரை மட்டும் காட்டுகிறாய்.

எங்கள் வகுப்பில் மூன்று மீனம்மாள் இருக்கிறார்கள். டீச்சர் வெறும் மீனம்மாள் என்றால் மூன்று பேரும் உள்ளேன் சொல்வார்கள். அதனால் ஏர்வாடி மீனம்மாள், இதம்பாடல் மீனம்மாள், மேலத்தெரு மீனம்மாள் என்று கூப்பிடுவார். என்னை வெறும் பூமயில் என்றுதான் கூப்பிடுவார், இன்னொரு பூமயில் இல்லையே. நீயும் அப்படிச் செய்தால் என்ன?

இரண்டாவது. ஒரு வரியைத் தொட்டேன். பைல் திறந்தது, சரி. கீழே இருந்த வரிசையைக் காணோம். அடுத்ததற்குப் போக மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கிறது. தேங்காய் எடுத்துக் கொடுத்துவிட்டுக் கடையையே மூடுகிற கடைக்காரரை நீ பார்த்திருக்கிறாயா?

மூன்றாவதுதான் பயமாகிவிட்டது. ஐந்தாம் காட்சியில் எல்லாவற்றையும் என் கையால் மாற்றினேன். சேமிக்கவில்லை, சும்மா சரிபார்க்கலாமே என்று மறுபடி தேடினேன். மாற்றிய உக்கிரபாண்டி எல்லாம் அப்படியே நிற்கிறார்கள். "பேய் மாதிரில்ல திரும்பி வாராரு" என்றாள் சோலையம்மாள்.

நான்காவது ஒன்று இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நீ சிரிக்கக் கூடாது.

ஒரு பைலுக்குள் மொத்தமாக மாற்றும் பொத்தான் எழுதியில் ஏற்கெனவே இருக்கிறதல்லவா? அக்கா சொன்னால் சொல்லட்டும் என்று நான்காம் காட்சியில் அதை அழுத்தினேன். உக்கிரபாண்டி எல்லாம் வீரையா ஆகட்டும் என்று கொடுத்தேன். ஒரே நொடி. சேமித்தேன். மூடினேன். பெருமையாக இருந்தது. ஒத்திகையில் வாசித்தபோதுதான் நினைவுக்கு வந்தது, நான்காம் காட்சியில் மடையைக் காவல் காக்கும் நல்லவர் பெயர் வீரையா.

இப்போது அந்தக் காட்சி இப்படி இருக்கிறது: "வீரையா மடையை அடைக்கிறான். வீரையா ஓடி வந்து வீரையாவின் கையைப் பிடிக்கிறார். வீரையா: விடுடா வீரையா. வீரையா: விட மாட்டேன் வீரையா."

எந்த வீரையா யார் என்று தேடியும் பயனில்லை, எல்லாமே வீரையா. நல்லவேளை, சோலையம்மாளுக்குத் தன் வசனம் மனப்பாடம். அவள் பேசப் பேச அவளுடைய வீரையாவை மட்டும் ஒத்திகைத் தாளில் பென்சிலால் குறித்து, பைலில் மறுபடி உக்கிரபாண்டி ஆக்கினேன்.

எல்லா பைலுக்கும் அந்தப் பொத்தான் இல்லாதது நல்லது என்று நான் சொல்லவில்லை. பதினொரு காட்சியிலும் வீரையா வந்திருப்பார் என்று மட்டும் சொல்கிறேன்.

பொங்கலுக்காவது வருவாயா? அய்யா தினமும், "வள்ளி வாரான்னு எழுதிருக்கா?" என்று கேட்கிறார். நான் எழுதவில்லை என்று சொல்கிறேன். அவர் முகத்தை நீ பார்க்க வேண்டும்.

பூமயில்

*

திருச்சி,
2-1-2007

என் வீரையாவுக்கு,

விடுடா வீரையா என்பது இப்போது எங்கள் ஹாஸ்டலில் வணக்கம் சொல்வதற்குப் பதிலாக வழங்குகிறது. மெஸ்ஸில் கடைசி அப்பளத்துக்கு இரண்டு பேர் கை நீட்டினால் ஒருத்தி, "விட மாட்டேன் வீரையா" என்கிறாள். சிரிக்கக் கூடாது என்றாய். நான் சிரிக்கவில்லை, புரையேறியது.

நீ எழுதியதில் ஒன்றைக்கூட நான் யோசித்திருக்கவில்லை. திறந்திருக்கும் பைலில் கண்ணுக்குத் தெரிவதைத் தேடாமல், டிஸ்கில் கடைசியாகச் சேமித்ததைத் தேடிக்கொண்டிருந்தேன். பேய் என்றவளிடம் சொல், பேயை ஓட்டிவிட்டேன். இனித் திரையில் நீ பார்ப்பதைத்தான் எழுதியும் பார்க்கும்.

மீனம்மாள் விஷயமும் முடிந்தது. ஒரே பெயரில் ஒரு பைல்தான் இருந்தால் வெறும் பெயர். இரண்டு இருந்தால் போல்டர் பெயரும் சேர்ந்து வரும். எல்லாவற்றுக்கும் முழு முகவரியைப் போட்டுவிட நினைத்தேன். பிறகு, உன்னை யாரும் சிக்கல் பூமயில் என்று கூப்பிடுவதில்லையே என்று தோன்றியது.

இத்துடன் அனுப்பும் புது பிளாப்பியில் வரிசை மறையாது. நீ திருத்தி முடித்த வரி கொஞ்சம் மங்கலாகிவிடும், ஆனால் அங்கேயே இருக்கும். முதலில் திருத்தியது காணாமல் போகிற மாதிரிதான் செய்தேன். ஒன்று போனதும் கீழே உள்ளதெல்லாம் மேலே குதித்தது, அடுத்ததைத் தொடப் போய் வேறொன்றைத் தொட்டேன். டீச்சர் விடைத்தாளில் பார்த்த இடத்தில் டிக் போட்டுவிட்டு நகர்வார், கிழித்து எடுக்க மாட்டார். அதுபோல வைத்துவிட்டேன்.

இதற்கு மேல் ஒன்றும் சேர்க்கப் போவதில்லை என்று சாரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

ஒரு யோசனை. புதுப் பெயர் வைப்பதற்கு முன் அந்தப் புதுப் பெயரையே முதலில் தேடிப் பார். எங்கேயும் இல்லாவிட்டால் ‘எதுவும் இல்லை’ என்று வரும். அந்தப் பெயரை வைத்துக்கொள். சும்மா இருந்துவிடாமல் ‘எதுவும் இல்லை’ என்று வாய்விட்டுச் சொல்ல வைத்திருக்கிறேன். இல்லை என்பதும் பதில்தானே.

பொங்கலுக்கு வரவில்லை. அய்யாவிடம் நீயே சொல்லிவிடு. நான் போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அப்புறம் அம்மா என்ன குழம்பு என்று கேட்பாள்.

வள்ளி

*

சிக்கல்,
18-1-2007

அன்புள்ள அக்கா,

சொல்லிவிட்டேன். அய்யா மிளகாய்க்காட்டுக்குப் போய்விட்டு, திரும்பி வந்து, "அந்தப் புள்ளைக்கு அங்கன கரும்பு கிடைச்சிருக்குமா?" என்று கேட்டார். கிடைத்ததா? எழுது.

இப்போது நல்ல செய்தி. வில்லனுக்குப் பெயர் கருவேலன். நம் ஊரில் எங்கே பார்த்தாலும் நிற்கிற முள்மரம்தான். யாரும் தன் பிள்ளைக்கு வைக்காத பெயர். முதலில் தேடினேன். எதுவும் இல்லை. அந்த இரண்டு வார்த்தையைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

ஒவ்வொன்றாகத் தொட்டு, போய், மாற்றி, திரும்பினேன். மங்கல், மங்கல், மங்கல். போகிற வழியில் வசனத்தையும் படித்தேன் அல்லவா, இரண்டு இடம் அசட்டுத்தனமாக இருந்தது, திருத்தினேன். எட்டாம் காட்சியில் ஒரு இடத்தில் வில்லனின் பெயரையே மீனம்மாள் விட்டுவிட்டிருந்தாள். ஏர்வாடி மீனம்மாள்.

நேற்று பெரிய டீச்சர் வந்தார். நான் காட்டுவதை நம்பாமல், தானே உட்கார்ந்து ஒற்றை விரலால் உக்கிரபாண்டி என்று தட்டினார். எதுவும் இல்லை என்று வந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நெசமாத்தான் தேடுச்சா, சும்மா சொல்லுதா?"

நிரூபிப்பது எப்படி? ராமலெட்சுமி டீச்சர்தான், "வேற பேரைப் போட்டுப் பாருங்க டீச்சர்" என்றார். கருவேலன் என்று தட்டியதும் வரிசை வரிசையாக வந்து விழுந்தது. பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "சரி, போடுங்க" என்றார். நாங்கள் கையைத் தட்டவில்லை, அவர் வாசலைத் தாண்டும் வரை.

ஆனால் அந்தக் கேள்வி நியாயமானதுதான். எதுவும் இல்லை என்று மட்டும் சொல்லாமல், எத்தனை பைலில் தேடியது என்றும் எழுதி சொல்ல வேண்டும். தவறான போல்டரைக் காட்டியிருந்தாலும் எதுவும் இல்லை என்றுதானே வரும்?

பிப்ரவரி ஒன்பது, வெள்ளிக்கிழமை. உன் எழுதி இல்லாவிட்டால் அன்றைக்கு டான்ஸ்தான். நீ வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும். மேடைக்குக் கூப்பிட மாட்டேன். எட்டாம் வகுப்பில் வரவேற்புரை சொல்லப் போன நீ, ‘அனைவருக்கும்’ என்பதோடு இறங்கி ஓடியதை ஊர் இன்னும் பேசுகிறது.

பூமயில்

*

திருச்சி,
29-1-2007

பூமயிலுக்கு,

கரும்பு கிடைத்தது. ஹாஸ்டல் வாசலில் நின்று கடித்தேன். அய்யாவிடம் சொல். பல்லும் பத்திரம்.

‘பதினொரு கோப்புகளில் தேடியது. எதுவும் இல்லை.’ சரியா? உன் பெரிய டீச்சரைத்தான் நான் ப்ராஜெக்ட் வழிகாட்டியாக வைத்திருக்க வேண்டும்.

ஒன்பதாம் தேதி எனக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ. வேறு தேதி கேட்டேன், இல்லை என்றுவிட்டார்கள். இந்த வரியை மூன்று தடவை அடித்து எழுதினேன், எப்படி எழுதினாலும் வர முடியாது என்றுதான் வருகிறது.

போன வாரம் சார் மறுபடி கேட்டார், "இவ்வளவு குறைவா வச்சிருக்கியே, இதை யாரும்மா உபயோகிக்கிறாங்க?" உன் கடிதத்தைக் கொடுத்தேன், வீரையா கடிதத்தை. நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். "இந்த ‘விட மாட்டேன் வீரையா’ பக்கத்தை ரிப்போர்ட்டில சேத்துரு" என்றார். வேறு வசதி எதையும் போடச் சொல்லவில்லை.

அதனால் ஒன்பதாம் தேதி நீ அங்கே மேடையில், நான் இங்கே மேடையில். நான் இந்தத் தடவை ஓட மாட்டேன். கோபப்படாதே. கோபப்பட்டால், பொரி உருண்டை எதையாவது தின்றுவிட்டுப் படு.

வள்ளி

*

சிக்கல்,
12-2-2007

அன்புள்ள அக்கா,

முதலில், உன் ரிவ்யூ என்ன ஆயிற்று? போனில் நீ, "நல்லபடியா முடிஞ்சது" என்று சொன்னதாக அம்மா சொன்னாள். என்ன குழம்பு என்பதையும் சொன்னாள். எனக்கு அது போதாது.

இங்கே நடந்ததைக் கேள். மில்லுக்காரர் வெள்ளைச் சட்டையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அவர் மட்டும் வரவில்லை. மனைவி, மருமகள், பேரப்பிள்ளைகள், மில்லில் வேலை பார்ப்பவர்கள், எல்லோரும். பெரிய டீச்சர் நாற்காலி தேடி ஓடினார்.

நாடகம் நன்றாகப் போனது. சோலையம்மாள் மீசையை முறுக்கிக்கொண்டு, "இந்தக் கண்மாய்க்கு ஒரே ராசாதாண்டா, கருவேலன்" என்றதும் கூட்டம் சிரித்தது. ஆனால் மில்லுக்காரர் குடும்பத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏதோ ஒரு காட்சியில் அந்தப் பெயர் தப்பிக் கிடந்துவிட்டது என்று நினைத்து, மீதி வசனம் முழுவதும் காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

முடிந்ததும் பரிசு கொடுக்க எழுந்தவர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "எல்லாம் சரி, எம்பேரு எங்க தாயி?"

பெரிய டீச்சர் எழுந்துவிட்டார். "எந்தப் பேருங்கய்யா?"

"பொங்கலுக்கு முன்ன ரெண்டு மாசமா எந்தம்பி மக வீட்டு முத்தத்துல நின்னு, ‘நாந்தாண்டா உக்கிரபாண்டி’ன்னு கத்திக்கிட்டுத் திரிஞ்சாள்ல. நல்லாயிருக்குன்னு வீட்டோட கூட்டிட்டு வந்தேன். முப்பது வருசமா இந்த ஊருல மில்லுக்காரரு, மில்லுக்காரரு. ஓட்டு கேக்கப் போனாக்கூட ‘யாரு உக்கிரபாண்டி?’ன்னு கேக்கானுவ. மேடையில ஒருக்கா எம்பேரைக் கேப்போம்னு வந்தா, கருவேலங்கிறீக."

"அவன் கெட்டவனா வாரான்யா" என்றார் பெரிய டீச்சர்.

"வாரான்ல, அது போதும்."

பந்தலே சிரித்தது. சோலையம்மாள் மீசையோடு என் பக்கம் திரும்பி, "கேப்பம்னு சொன்னேன்ல?" என்றாள். அக்கா, பதினொரு பைலிலும் தேடினோம். மில்லுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கு எழுதியில் என்ன செய்யலாம் என்று கேட்க மாட்டேன்.

பங்குனியில் அம்மன் கோயில் பொங்கலன்று நாடகத்தை ஊருக்குப் போட வேண்டுமாம், அவர் பெயரோடு. பெரிய டீச்சர் என்னைப் பார்த்தார். நான், "ஒரு மணி நேரம் போதும் டீச்சர்" என்றேன். இன்று காலை கருவேலன் என்று தேடினேன். நான் மாற்றிய எல்லாரும் வந்து நின்றார்கள், ஒருவரும் வேறு யாருடனும் கலக்காமல். ஒவ்வொருவராக உக்கிரபாண்டியாக்கினேன். பொத்தான் கேட்கவில்லை, கவனித்தாயா?

முடித்த பிறகு சும்மா உட்கார்ந்திருந்தேன். என்ன தோன்றியதோ, ‘அக்கா’ என்று தட்டித் தேடினேன்.

பதினொரு கோப்புகளில் தேடியது. எதுவும் இல்லை.

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இவ்வளவு பெரிய நாடகத்தில் ஒரு அக்காகூட இல்லை. அதனால் கடைசிக் காட்சியில் ஒன்றைச் சேர்த்துவிட்டேன். மடை திறந்து தண்ணீர் வருகிறபோது, வெளியூரில் படிக்கிற அக்கா பையோடு வந்து வரப்பில் நிற்கிறாள். வேறு யாரும் இதற்குப் பொருந்தவில்லை. நிஜமாகவே பஸ்ஸில் வந்து இறங்குகிறவளாக இருந்தால் நல்லது என்று ராமலெட்சுமி டீச்சரும் சொல்கிறார்.

அய்யாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ பதில் எழுதியதும் சொல்வேன்.

பூமயில்

*

திருச்சி,
19-2-2007

பூமயிலுக்கு,

ரிவ்யூவில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் ஒருவர், "எல்லாத்தையும் மாத்துற பொத்தான் ஏன் இல்லை?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் சாரே, "பக்கம் இருபத்தெட்டைப் படிங்க" என்றார். படித்துவிட்டு மூன்று பேரும் சேர்ந்து விடுடா வீரையா என்றார்கள். நான் ஓடவில்லை. ‘அனைவருக்கும்’ என்பதற்குப் பிறகு ‘வணக்கம்’ என்றுகூடச் சொன்னேன்.

பங்குனிப் பொங்கலுக்கு முதல்நாள் காலை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அய்யாவிடம் இப்போதே போய்ச் சொல், கடிதத்தை முழுக்கப் படிக்கக் காத்திருக்காதே.

என் வசனத்தை அனுப்பு. இரண்டு வரிக்கு மேல் இருந்தால் ராமநாதபுரத்திலேயே இறங்கித் திரும்பிவிடுவேன். அந்த அக்காவுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாய் என்று எழுதவில்லையே. சண்முகவள்ளி என்று வை. நானும் என் பெயரை மேடையில் ஒருக்கா கேட்டுக்கொள்கிறேன்.

வாரேன்,
அக்கா